ரெசினா, ஜியோலைட்டா, வீழ்படிவா: கதிரியக்க உலோகத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்க எது சரி?

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உப்பு குறைந்த, தெளிந்த தண்ணீர் என்றால் ரெசின், அதாவது கரைந்த உலோகத்தைப் பிடிக்கிற பிளாஸ்டிக் மணிகள். உப்பு நிறைந்த தண்ணீரில் சீசியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது என்றால் சாதாரண ரெசினை விட்டுவிட்டு ஜியோலைட் என்ற துளையுள்ள கனிமத்துக்கோ, சீசியத்துக்கென்றே செய்த ரெசினுக்கோ போக வேண்டும். தண்ணீர் நிறைய, கலங்கலும் நிறைய, கதிரியக்கம் குறைவு என்றால் வீழ்படிவு, அதாவது ரசாயனம் சேர்த்து உலோகத்தைப் படிவாக அடியில் இறக்குவது. ஆனால் இந்த மூன்றில் ஒன்றைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: தண்ணீரைச் சுத்தம் பண்ணிய பிறகு கையில் என்ன மிஞ்சும், அதை எங்கே, எத்தனை வருஷம் வைத்திருப்பது?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எம்.எஸ்சி வேதியியல் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் சமயத்தில் என்னைத் தேடி வருவார்கள். நான் அரிசி ஆலை பாய்லர்களுக்குத் தண்ணீர் சாஃப்ட்னர் மாட்டிப் பராமரிக்கிறவன், ரெசின் மூட்டையாக என்னிடம் இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். “சார், கதிரியக்கக் கழிவிலிருந்து சீசியம், ஸ்ட்ரான்சியம் நீக்குவது என்று தலைப்பு எடுத்திருக்கிறோம், அரைக் கிலோ ரெசின் கிடைக்குமா” என்பார்கள். கொடுத்துவிடுவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் ரெசின்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, போன வருஷம் சீனியர் அதைத்தான் செய்தார் என்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு. நிஜக் கழிவைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிற மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

அடிப்படை ஒன்று. கதிரியக்கத்தை எந்த ரசாயனத்தாலும் அழிக்க முடியாது. அமிலம் ஊற்றினாலும், காய்ச்சினாலும், எரித்தாலும் சீசியம்-137 சீசியம்-137 ஆகத்தான் இருக்கும், அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 வருஷம். ஸ்ட்ரான்சியம்-90க்கு ஏறக்குறைய 29 வருஷம். பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும், அதாவது 300 வருஷம். கோபால்ட்-60க்கு 5.27 வருஷம், அதனால் அதற்கு ஐம்பது வருஷம் போதும். ரேடியம்-226க்கு 1,600 வருஷம், அதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். ஆக, நீக்குவது என்று நாம் சொல்வதெல்லாம் இடமாற்றம்தான். நிறைய தண்ணீரில் பரவிக் கிடப்பதைக் கொஞ்சம் திடப்பொருளுக்குள் ஒதுக்குகிறோம், அவ்வளவுதான்.

சரி, ரெசின் என்ன செய்கிறது? எங்கள் வேலையிலிருந்தே சொல்கிறேன், தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. நெல் அவிக்கிற பாய்லருக்குப் போர் தண்ணீரை அப்படியே விட்டால் கால்சியமும் மெக்னீசியமும் குழாய்க்குள் பாறையாகப் படியும், அதனால் நடுவில் ஒரு உருளை, அதற்குள் பழுப்பு மஞ்சள் நிறத்தில் கடுகில் பாதி அளவு மணிமணியாக ரெசின். ஸ்டைரீனையும் டைவினைல் பென்சீனையும் சேர்த்து வலைபோல் பின்னிய பிளாஸ்டிக்தான் அது, அந்த வலை முழுக்க சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள், ஒவ்வொன்றோடும் ஒரு சோடியம். கால்சியம் உள்ளே வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை வெளியே விடும். ஆபரேட்டர் காலையில் ஒரு சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுவார். நீலமாக நின்றால் ரெசின் வேலை செய்கிறது, சிவப்பு தட்டினால் நிரம்பிவிட்டது. நிரம்பினால் வேதாரண்யம் கல் உப்பைக் கரைத்துப் பத்து சதவீதக் கரைசலாக மேலிருந்து விடுவோம், கால்சியம் எல்லாம் கழன்று வெளியே போய்விடும், ரெசின் பழையபடி தயார். இப்படிப் பல வருஷம் ஓட்டலாம்.

இந்தக் கடைசிப் படிதான் கதிரியக்கத்தில் இடிக்கும். உப்புக் கரைசல் விட்டு சீசியத்தைக் கழற்றினால் அந்தக் கரைசலே மறுபடி கதிரியக்கக் கழிவு, அதுவும் முன்பைவிட உப்பு கூடிய கழிவு. அதனால் அணுமின் நிலையங்களில் பெரும்பாலும் ரெசினை ஒரே தடவை பயன்படுத்தி, நிரம்பியதும் அப்படியே கழிவாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். ரெசினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று புராஜெக்ட் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் இருக்கும். கழற்றிய கரைசலை என்ன செய்வீர்கள் என்று அடுத்த வரி இருக்காது. எனக்கு அந்த அடுத்த வரிதான் வேண்டும்.

ரெசினின் பெருமையையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ரெசின் அயனிகளை, அதாவது தண்ணீரில் மின்னேற்றத்தோடு கரைந்திருக்கும் அணுக்களை, மாற்றிக்கொள்ளும் என்று காட்டினார்கள். பத்தே வருஷத்தில், 1945இல், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் அணுப்பிளவுக் கழிவிலிருந்து புரோமீத்தியம் என்ற தனிமத்தையே அயனிப் பரிமாற்ற முறையால்தான் பிரித்து அடையாளம் கண்டார்கள். இன்றைக்கும் அணு உலையின் குளிர்விக்கும் தண்ணீர், எரிந்த எரிபொருளை மூழ்க வைத்திருக்கும் குளத்துத் தண்ணீர் எல்லாம் ரெசின் வழியாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காரணம் அந்தத் தண்ணீர் வாலைத் தண்ணீர் மாதிரி சுத்தமானது, உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச அயனியும் கதிரியக்கம் கொண்டதுதான். போட்டிக்கு வேறு ஆள் இல்லாத இடத்தில் ரெசினை அடிக்க ஒன்றும் கிடையாது. உருளையில் போட்டு வால்வைத் திறந்தால் ஓடும், ஆளின் கை படவே வேண்டாம், கதிர்வீச்சு இருக்கிற இடத்தில் அது எவ்வளவு பெரிய வசதி.

போட்டி வந்தால்தான் நிலைமை மாறுகிறது. ஒரு லிட்டர் சாதாரண ரெசின் ஏறக்குறைய 46 கிராம் சோடியத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல். அதாவது நாகப்பட்டினம் கரையில் முகந்த தண்ணீர் நான்கு லிட்டர் சொச்சத்தில் இருக்கும் சோடியமே ஒரு லிட்டர் ரெசினை நிரப்பப் போதும். இன்னொரு பக்கம் சீசியம்-137 ஒரு கிராம் என்பது 3 லட்சம் கோடி பெக்கெரெலுக்கு மேல் (ஒரு பெக்கெரெல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது), அதனால் கழிவில் அது இருப்பது மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கில்தான். கிராம் கணக்கில் சோடியம், மைக்ரோகிராம் கணக்கில் சீசியம், இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டால் என்ன ஆகும்?

ரெசினுக்கு சீசியத்தை மட்டும் அடையாளம் தெரிந்தால் பரவாயில்லை, ஆனால் தெரியாது. பாய்லருக்குப் போடுகிற எட்டு சதவீதக் குறுக்குப் பிணைப்பு உள்ள ரெசின் சோடியத்தைவிடச் சீசியத்தை ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடுதலாக விரும்பும். கால்சியத்துக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் இடையே அந்த அளவு வித்தியாசம்கூட இல்லை, கால் மடங்கு கூடுதல், அவ்வளவே. இரண்டும் ஒரே குடும்பம், நம் எலும்புக்கே அவை இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல்தான் ஸ்ட்ரான்சியம்-90 அவ்வளவு ஆபத்தாக இருக்கிறது. ஆகவே கடலோரப் போர் தண்ணீரில் ஸ்ட்ரான்சியத்தைக் கலந்து சாதாரண ரெசின் வழியாக விட்டால், ரெசின் கால்சியத்தைப் பிடித்தே ஓய்ந்துவிடும்.

இதற்குத்தான் தனி ரெசின்கள் வந்தன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு ரெசின், நம் நாட்டுக் கதை என்பதாலும்தான். எரிந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும்போது காரத்தன்மை கொண்ட ஒரு கழிவு வரும், அதில் சோடியம் நைட்ரேட் ஏராளம், நடுவில் கொஞ்சம் சீசியம்-137. சல்ஃபோனிக் ரெசினை அதில் போட்டால் நிமிஷத்தில் சோடியத்தால் நிரம்பிவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு ரெசினைத் தயாரித்து, தாராப்பூரிலும் டிராம்பேயிலும் இந்தக் கழிவுக்குப் பயன்படுத்தினார்கள். இதில் இருப்பது ஃபீனால் வகை ஹைட்ராக்சில் தொகுதி. கார நிலையில் அது புரோட்டானை விட்டுவிட்டு, சோடியம் எவ்வளவு இருந்தாலும் சீசியத்தைத் தேர்ந்து பிடிக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டால் கழற்றிவிடும். அப்படிக் கழன்ற சீசியம் கொஞ்சமான கரைசலில் திரண்டு நிற்பதால் அதைக் கண்ணாடியாக உருக்கி வார்ப்பதற்கு அனுப்பலாம், மிஞ்சிய பெரிய அளவுக் கழிவு குறைந்த கதிரியக்கக் கழிவாகிவிடுகிறது. கழற்றிய கரைசலை என்ன செய்வது என்று மேலே கேட்டேனே, அந்தக் கேள்விக்குப் பதில் உள்ள முறை இது. ஸ்ட்ரான்சியத்துக்கு இமினோடைஅசெட்டிக் அமிலத் தொகுதி வைத்த ரெசினைச் சேர்த்துக்கொண்டார்கள், அது நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் பிடிக்கிற ரகம்.

குறையும் உண்டு. கார நிலை இல்லையென்றால் ரிசார்சினால் ரெசின் வேலைக்காகாது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால் மெதுவாகக் கெட்டு, பிடிக்கும் திறனை இழக்கும். பொட்டாசியம் நிறைய இருந்தால் அதுவும் இடைஞ்சல். ஆனால் கல்லூரியில் நீங்களே தயாரிக்கலாம் என்பது பெரிய வசதி: ரிசார்சினால், ஃபார்மலின், காரம், அப்புறம் ஓவனில் சூடாக்கி இறுக்கி, இடித்துச் சலிக்க வேண்டியதுதான். ஃபார்மலின் ஆவி நல்லதல்ல, ஃப்யூம் ஹுட் வேலை செய்யாத ஆய்வகமாக இருந்தால் இதைத் தொடாதீர்கள்.

அடுத்து ஜியோலைட்டும் அதன் உறவினர்களும். இவை பிளாஸ்டிக் கிடையாது, அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்கள். உள்ளே ஒரே அளவில் துளைகள் இருக்கும், சில ரகங்களில் அந்தத் துளை சீசியத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். விபத்துகள் நடந்த இடங்களில் கடைசியில் கை கொடுத்தவை இவைதான். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உலை உருகியபோது, கதிரியக்கம் குறைவாக இருந்த துணைக் கட்டடத்துத் தண்ணீருக்குக் கரிம ரெசினைப் பெருமளவு பயன்படுத்தினார்கள், உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கிய கடுமையான தண்ணீருக்கோ 1981 முதல் ஜியோலைட்டை. இங்கிலாந்தின் செல்லாஃபீல்ட் அணு வளாகத்தில் 1985 முதல் கிளினாப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட்டின் வழியாகக் குளத்துத் தண்ணீரை விட்ட பிறகு, ஐரிஷ் கடலுக்குப் போகிற சீசியம் வெகுவாகக் குறைந்தது. ஃபுகுஷிமாவில் 2011இல் உலையைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரையே இறைத்தார்கள். நான் மேலே போட்ட நான்கு லிட்டர் கணக்கு அங்கே நிஜமாகவே வந்து நின்றது, முதலில் ஜியோலைட் உருளைகளும் சில வாரம் கழித்து சிலிக்கோடைட்டனேட் என்ற செயற்கைக் கனிமம் போட்ட உருளைகளும் சீசியத்தை எடுத்தன. அமெரிக்காவின் ஹான்ஃபோர்ட் அணு வளாகத்தில் ரிசார்சினால் ரெசினை வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள், ஆனால் 2022 ஜனவரியில் கழிவுத் தொட்டிகளின் ஓரத்திலேயே தொடங்கிய சுத்திகரிப்பில் சிலிக்கோடைட்டனேட்டைத்தான் போட்டார்கள்.

கனிமத்துக்கு இருக்கிற பெரிய பலம் கதிர்வீச்சைத் தாங்குவது. ரெசின் என்பது கரிமச் சங்கிலி, உள்வாங்கிய கதிர்வீச்சு 10 லட்சம் கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவை நெருங்கினால் சங்கிலி அறுந்து, பிடித்ததை விடத் தொடங்கும். ஜியோலைட்டுக்கு அந்தக் கவலை இல்லை, நெருப்புப் பயமும் இல்லை, நேராகக் கண்ணாடிக்குள் உருக்கிவிடலாம். பலவீனம்: நிரம்பினால் நிரம்பியதுதான், உருளையோடு எடுத்து வைக்க வேண்டும். கால்சியம் கூடிய தண்ணீரில் ஸ்ட்ரான்சியத்துக்குச் சாதாரண ஜியோலைட் திணறும். பொட்டாசியமும் இடைஞ்சல் செய்யும், வயலில் பொட்டாஷ் போட்ட பிறகு வடிகால் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீழ்படிவு முறையைப் பிள்ளைகள் பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொட்டாசியம் ஃபெரோசயனைடையும் காப்பர் சல்ஃபேட்டையும் சீசியம் உள்ள தண்ணீரில் சேர்த்தால் செம்பழுப்பாக ஒரு படிவு இறங்கும், சீசியம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஸ்ட்ரான்சியத்துக்குக் கால்சியம் பாஸ்பேட், ரேடியத்துக்குப் பேரியம் சல்ஃபேட், புளூட்டோனியம் போன்றவற்றுக்கு இரும்பு ஹைட்ராக்சைடு. தொட்டி, கலக்கி, பி.எச் பார்க்கும் கருவி, இவ்வளவு இருந்தால் நடக்கும். கலங்கல் தண்ணீரை ரெசின் உருளையில் விட்டால் அடைத்துக்கொள்ளும், இதில் கலங்கலும் சேர்ந்தே அடியில் போய்விடும். பலன்தான் மட்டு, பத்தில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரை குறைக்கலாம், அதற்கு மேல் சிரமம். முழுச் சிக்கலும் சேற்றில் இருக்கிறது. ஃபுகுஷிமாவில் 2011இல் சில மாதம் இந்த முறையும் ஓடியது, அப்போது விழுந்த கதிரியக்கச் சேறு பெரிய தலைவலியாகிவிட்டது. ஹான்ஃபோர்டில் 1950களில் தொட்டிக்குள் ஃபெரோசயனைடு போட்டு சீசியத்தை இறக்கியவர்கள், நைட்ரேட்டோடு சேர்ந்து அது வெடிக்குமோ என்று 1990களில் ஆராய்ச்சி செய்ய வேண்டி வந்தது. அன்றைக்கு மலிவாகத் தெரிந்ததுக்கு நாற்பது வருஷம் கழித்து விலை வந்தது.

எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றியும் டெல்டாவில் கேட்பார்கள். உலகத்தில் பல எண்ணெய் வயல்களில் ஆழத்திலிருந்து எண்ணெயோடு ஏறிவரும் உப்புத் தண்ணீரில் இயற்கையான ரேடியம் கரைந்திருக்கும், குழாய்களில் பேரியம் சல்ஃபேட் படிவாக அது ஒட்டும். எந்தக் கிணறாக இருந்தாலும் முதல் வேலை அளந்து பார்ப்பது. நீக்க வேண்டி வந்தால் இங்கே எந்தச் சந்தேகமும் வேண்டாம், பேரியம் சல்ஃபேட் வீழ்படிவுதான். ரெசின் கால்சியம் வரிசையில் ரேடியத்தைத்தான் எல்லாவற்றையும்விட விரும்பும் என்பது உண்மை, ஆனால் அவ்வளவு உப்பில் அந்த விருப்பம் எடுபடாது.

யுரேனியம் இதற்கு நேர் எதிர். நிலத்தடி நீரில் யுரேனியம் கார்பனேட்டோடு சேர்ந்து எதிர்மின் அயனியாகத்தான் மிதக்கும். அதனால் கால்சியம், சோடியம் எதுவும் அதற்குப் போட்டி கிடையாது, வலுவான கார வகை ஆனயான் ரெசின் போட்டால் உருளையின் கொள்ளளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணீர் ஓடினாலும் பிடித்துக்கொண்டே இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, அதற்குக் கீழே கொண்டுவர ரெசின் போதும். யுரேனியம் என்று தலைப்பு எடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரெசின் எடுக்கலாம், ஆனால் பாய்லர் ரெசினை என்னிடம் கேட்காதீர்கள், அது நேர்மின் அயனியைப் பிடிக்கிற கேட்டயான் ரெசின்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ச்சி ஆவியாக்குவது தண்ணீரைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் சுத்தமாக்கும், எந்த உலோகம் என்றும் பார்க்காது, ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 600 யூனிட்டுக்கு மேல் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். வெயிலில் உலர்த்தலாமே என்றால் ராஜஸ்தானில் செய்தார்கள், அது ராஜஸ்தான். வேதாரண்யம் உப்பளமே ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடுகிறபோது இங்கே கதிரியக்கத் தண்ணீரைத் திறந்த பாத்தியில் வைக்க யாரும் நினைக்கக் கூடாது. ஆர்.ஓ. எல்லா உலோகத்தையும் நிறுத்தும், ஆனால் கழிவுத் தண்ணீர் என்று ஒரு பங்கு வெளியே வருமே, உலோகம் முழுக்க அதில்தான் இருக்கும், அதற்கு மறுபடி ரெசினோ வீழ்படிவோ வேண்டும். மருத்துவமனைகளில் ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும், சிகிச்சைக்கு வரும் லுட்டீசியம்-177 ஒரு வாரத்துக்குள். அங்கே தொட்டியில் தேக்கி வைத்துக் காத்திருப்பதைவிட நல்ல முறை எதுவும் இல்லை, அதற்கு ரெசின் போடுவது வீண் செலவு. டிரிட்டியத்தை, அதாவது கதிரியக்க ஹைட்ரஜனை, இவை எதுவும் எடுக்காது, அது தண்ணீருக்குள் தண்ணீராகவே இருக்கிறது. ஃபுகுஷிமாவில் 62 வகைக் கதிரியக்கப் பொருளை எடுக்கிற அமைப்புக்குப் பிறகும் 2023 ஆகஸ்டில் கடலில் விடத் தொடங்கிய தண்ணீரில் டிரிட்டியம் இருந்தது இதனால்தான்.

மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ரெசினைத் தேர்ந்தெடுத்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்று 1976 ஆகஸ்ட் 30 அன்று ஹான்ஃபோர்டில் நடந்தது. அமெரிசியம் என்ற கதிரியக்க உலோகத்தைப் பிடித்து வைத்திருந்த ஒரு ரெசின் உருளை, வேலைநிறுத்தத்தால் ஏறக்குறைய ஐந்து மாதம் அப்படியே நின்றது. அத்தனை மாதமும் உள்ளே இருந்த கதிர்வீச்சு ரெசினை அரித்துக்கொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பியதும் உருளைக்குள் வழக்கம்போல் நைட்ரிக் அமிலத்தை விட்டார்கள், அது அடர் அமிலம். வெடித்தது. முன்னால் நின்ற ஹெரால்ட் மெக்லஸ்கி என்ற 64 வயது ஊழியரின் முகத்திலும் தோளிலும் கண்ணாடித் துண்டும் அமெரிசியமும் பாய்ந்தன. டி.டி.பி.ஏ. என்ற மருந்தை மாதக்கணக்கில் ஏற்றி உடம்பிலிருந்து அமெரிசியத்தை வெளியேற்றினார்கள், அந்த மருந்தும் உலோகத்தைக் கொடுக்கால் பிடிக்கிற ரகம்தான். 1987இல் இதய நோயால் அவர் இறந்தார். ரெசின், நைட்ரேட், கதிர்வீச்சு, காலதாமதம் நான்கும் ஒன்று சேரக் கூடாது என்பது அன்றைக்குப் படித்த பாடம். ரிசார்சினால் ரெசினைக் கழற்றவும் நைட்ரிக் அமிலம்தான் என்பதால், அங்கே நீர்த்த அமிலம் என்பதை யாரும் மாற்றக் கூடாது.

வெடிக்காவிட்டாலும் நிரம்பிய ரெசின் சும்மா இருக்காது. ஈரமாக மூடி வைத்தால் கதிர்வீச்சு தண்ணீரையும் பிளாஸ்டிக்கையும் உடைத்து ஹைட்ரஜனை உண்டாக்கும், த்ரீ மைல் ஐலண்டின் ரெசின் பீப்பாய்களைத் திறக்க இதனாலேயே பயந்து பயந்து திறந்தார்கள். சிமென்ட்டில் கலந்து கட்டியாக்கலாம் என்றால், உலர்ந்த ரெசின் ஈரம் பட்டு ஊதும், கட்டி விரிசல் விடும். அதனால் சிமென்ட்டுக்குள் கொஞ்சம்தான் சேர்க்க முடியும், ஒரு டிரம் ரெசின் பல டிரம் சிமென்ட்டாகும். பாலிமருக்குள் பொதிவது, காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்குவது என்று வேறு வழிகள் உண்டு, எல்லாமே செலவு. நான் ஜியோலைட் பக்கம் சாய்வது இதனால்தான். எடுக்கிற திறமையில் இரண்டும் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் முன்னூறு வருஷம் வைக்க வேண்டிய பொருள் பிளாஸ்டிக்காக இருப்பதைவிடக் கல்லாக இருப்பது நல்லது. கழற்றிக் கண்ணாடியாக்கும் வசதி பக்கத்திலேயே இருக்கிற இடத்தில் மட்டும் ரிசார்சினால் ரெசினுக்கு என் ஓட்டு.

இனி புராஜெக்ட். நிஜக் கதிரியக்கப் பொருள் வேண்டாம், அனுமதி கிடைக்காது, தேவையும் இல்லை. கதிரியக்கமற்ற சீசியம் குளோரைடும் ஸ்ட்ரான்சியம் குளோரைடும் ரசாயனத்தில் அப்படியே நடந்துகொள்ளும். எதை எடுப்பது என்பதை எதை அளக்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கல்லூரி ஃபிளேம் போட்டோமீட்டரில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் பார்க்கலாம், சீசியத்துக்கான வடிகட்டி பெரும்பாலும் இருக்காது. ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவியில் சரியான விளக்கு இருந்தால் ஸ்ட்ரான்சியம் எளிது. என் அக்கா பெண் போன வருஷம், “மாமா, சீசியம்னு தலைப்பு குடுத்துட்டேன், அளக்க இடமே கிடைக்கலை” என்று கடைசி மாதத்தில் வந்து நின்றாள். ஆக வெளியில் அளக்க வசதி உறுதியானால் சீசியம், அதில் ரிசார்சினால் ரெசினும் ஜியோலைட்டும் நேருக்கு நேர். இல்லையென்றால் ஸ்ட்ரான்சியம், அதில் பாய்லர் ரெசின், இமினோடைஅசெட்டிக் ரெசின், பாஸ்பேட் வீழ்படிவு மூன்றும். தனியாக ரெசினை மட்டும் எடுத்து வாலைத் தண்ணீரில் 99 சதவீதம் நீக்கினேன் என்று எழுதாதீர்கள், வாலைத் தண்ணீரில் அது நீக்காமல் என்ன செய்யும்?

உருளைக்கு 50 மில்லி பியூரெட் போதும், அடியில் கண்ணாடிப் பஞ்சு. ரெசினை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள், உலர்ந்ததைக் கொட்டித் தண்ணீர் விட்டால் உள்ளேயே ஊதிப் பியூரெட்டை உடைத்துவிடும். தண்ணீரோடு சேர்த்துக் கஞ்சிபோல் ஊற்றி அமர விடுங்கள், நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் தண்ணீர் ஒரு ஓரமாகவே ஓடி, ரெசின் பாதி சும்மா இருக்கும். மட்டம் ரெசினுக்குக் கீழே இறங்கவே கூடாது. 20 மில்லி ரெசினுக்கு மணிக்கு 200 மில்லி வேகம் சரி. வெளியே வருவதை 50 மில்லி, 50 மில்லியாகப் பிடித்து அளந்து, எந்த இடத்தில் ஸ்ட்ரான்சியம் கசியத் தொடங்குகிறது என்று வரைபடம் போடுங்கள். ஸ்ட்ரான்சியம் சேர்க்காத தண்ணீரையும் ஒருமுறை அளந்து பாருங்கள், கடலோரத் தண்ணீரில் இயற்கையாகவே ஸ்ட்ரான்சியம் இருக்கும். கடைசியில் நிரம்பிய ரெசினின் எடை, படிவின் ஈர எடை, உலர் எடை எல்லாம் அதே அட்டவணையில் வரட்டும்.

தண்ணீர் மூன்று வகை எடுங்கள்: ஆற்றுத் தண்ணீர், ஊர்ப் போர் தண்ணீர், நாகப்பட்டினம் அல்லது வேதாரண்யம் பக்கத்து உவர் தண்ணீர். அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டாம், ஹைட்ரஜன் அயனியும் போட்டிக்கு வந்துவிடும், வடிகட்டிக் குளிர்ச்சியில் வைத்தால் போதும். போர் தண்ணீரும் உவர் தண்ணீரும் எப்போதும் கிடைக்கும். ஆற்றுத் தண்ணீருக்குத்தான் அவசரம், மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், அப்புறம் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், அதில் உப்புக் கணக்கு வேறாகிவிடும், அதனால் தை பாதிக்குள் பத்து லிட்டர் கேனில் பிடித்து வைத்துவிடுங்கள்.